விட்ட சீட்டு

கடைசி மேசையில் ஐந்து பேர் மிஞ்சினோம். அதில் இருவர் கணவன் மனைவி. மற்ற மூவருக்கும் அது பிடிக்கவில்லை. மனைவியான எனக்கும் பிடிக்கவில்லை.

இடம், கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கும் டியூஷன் சென்டர். அதை நடத்தும் கணக்கு வாத்தியார், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நிகழ்தகவைப் புரியவைப்பதற்காகப் போக்கர் கற்றுக்கொண்டவர். பிள்ளைகளுக்குப் புரிந்ததா தெரியாது, வாத்தியாரைப் போக்கர் பிடித்துக்கொண்டது. வருடத்துக்கு இரண்டு முறை பழைய மாணவர்களையும் தெரிந்தவர்களையும் கூட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டியை ஆரம்பிப்பார். காசு வைத்து ஆடுவது அறவே கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவு பிளாஸ்டிக் காய்கள். காய் தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்குக் கீழ்க்கடையிலிருந்து ஒரு பித்தளைக் கூஜா.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, அடுத்தவர் பார்க்கக் கூடாது. நடுவில் ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள், அது எல்லோருக்கும் பொது. இரண்டையும் சேர்த்து யாருடையது உசத்தியோ அவருக்கு நடுவில் குவிந்த காய். ஆனால் பாதி ஆட்டம் சீட்டைத் திறக்காமலே முடிந்துவிடும். ஒருவர் காயை ஏற்றுவார், மற்றவர்கள் பயந்து தங்கள் சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளிவிடுவார்கள். ஏற்றியவரிடம் ஒன்றுமே இல்லாமல்கூட இருந்திருக்கலாம். அதை யாரும் கேட்க முடியாது. எங்கள் மாடியில் இதற்கெல்லாம் தமிழ்ப் பேச்சுத்தான்: ‘ஏத்துறேன்’, ‘வர்றேன்’, இருப்பதையெல்லாம் தள்ளினால் ‘மொத்தமும்’, சீட்டைக் கைவிட்டால் ‘விட்டாச்சு’.

அன்று எனக்குப் பிரச்சினை இந்த ‘விட்டாச்சு’தான்.

நான் மென்பொருள் சோதிப்பவள். தாங்கள் எழுதியது சரியாக வேலை செய்கிறது என்று மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம். கல்யாணத்துக்குப் பிறகு வலங்கைமானில் கணவர் வீட்டு மாடியறையில் இருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த மாதம் அலுவலகம் கூப்பிட்டுவிட்டது. சென்னைக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குப் போக ஆசை. ஆனால் அவர் இங்கே பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர், நகர முடியாது. போனால் நான் மட்டும்தான் போக வேண்டும். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளலாம் என நினைத்து, சாப்பிடும்போது, “இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “உன் இஷ்டம்மா” என்றார். பிறகு ரசம் கேட்டார்.

அந்த “உன் இஷ்டம்” ஒரு வாரமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் சொன்னாரா, போகச் சொல்ல வாய் வராமல் சொன்னாரா, போகாதே என்பதை முழுங்கிவிட்டுச் சொன்னாரா? எங்கள் கல்யாணத்தில் பங்குச் சாமியாரிலிருந்து பந்தல்காரர் வரை எல்லோரும் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: “விட்டுக்கொடுத்துப் போங்க.” நான் அதைக் கேட்டு மறந்துவிட்டேன். அவர் வீட்டுப்பாடம் மாதிரி எடுத்துக்கொண்டார் போல. மின்விசிறியின் வேகம், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு, வண்டியில் போகிற வழி, எதைச் சொன்னாலும் சரி என்பார். எதைக் கொடுத்தாலும் ‘சரி’ என்று மட்டும் திருப்பியனுப்புகிற மென்பொருளை நான் நம்புவதே இல்லை. பெரும்பாலும் அது உள்ளே எதையும் சோதித்திருக்காது.

திங்கட்கிழமைக்கு முன்னால் அவருடைய உண்மையான பதில் எனக்கு வேண்டியிருந்தது. அந்த நிலைமையில்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி மேசைக்கு வந்து, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.

மற்ற மூவரைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலப்பக்கம் ஓய்வுபெற்ற செவிலியர், ஊரே ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும். சீட்டைத் தொடுமுன் கட்டைவிரலால் நெற்றியில் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொள்வார், பிறகு ஈவு இரக்கமில்லாமல் ஆடுவார். இடப்பக்கம் உரக்கடை முதலாளி. அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன், திருவிடைமருதூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். உரக்கடைக்காரர் அவரை ‘மச்சான்’ என்பார், அவர் இவரை ‘மாப்ள’ என்பார். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர்கள் மாப்பிள்ளை, மச்சான்தான்.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அது நடந்தது. எனக்கு இஸ்பேடு ராஜாவும் ஆட்டின் ஜாக்கியும் வந்தன. ஏற்றினேன். மாப்பிள்ளை, மச்சான் இருவரும் விட்டார்கள். சிஸ்டர் எனக்கு முன்னாலேயே விட்டிருந்தார். கணவர் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார். பிடிக்காத சீட்டை அவர் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை, அது எனக்குத் தெரியும்.

“விட்டாச்சு” என்று தள்ளினார்.

தள்ளிய வேகத்தில் ஒரு சீட்டு விரலில் தடுக்கிப் புரண்டுவிட்டது. கிளாவர் ஏஸ். இருப்பதிலேயே பெரிய சீட்டு.

“அட, ஏஸை விடறாருடா!” என்றார் மாப்பிள்ளை. “பொண்டாட்டி ஏத்துனா போதும், ஏஸே இருந்தாலும் நமக்கு வேணாம். சார், இது என்ன சார் ஆட்டம்?”

“கூட இருந்தது நாலுங்க. ஏஸும் நாலும் வச்சிக்கிட்டு என்ன பண்றது?” என்றார் கணவர்.

“அந்த நாலை யாரு பாத்தா?”

யாரும் பார்க்கவில்லை. அது மற்ற சீட்டுகளோடு கலந்து போயிருந்தது. சிஸ்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நல்ல புள்ள. எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் எனக்கு ஏஸ விட்டதில்ல” என்றார்.

வாத்தியார் எழுந்து வந்தார். அவருக்கு இந்த ஆட்டத்தில் ஒரு கோபம் உண்டு: இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. “இதப் பாருங்க. இந்த மேசையில புருஷன் கெடையாது, பொண்டாட்டி கெடையாது. ஆளுக்கு ரெண்டு சீட்டு, அவ்வளவுதான். ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்குடுக்கறதா தெரிஞ்சா ரெண்டு பேரையும் ஒண்ணா எழுப்பிடுவேன். என் பழைய மாணவன்னு பாக்கமாட்டேன்.”

“இல்ல சார்” என்றார் கணவர்.

எனக்கும் அதே சந்தேகம். ஏஸும் நாலும் விடக்கூடிய சீட்டுத்தான், புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அவர் இரண்டாவது தடவை பார்த்ததற்குப் புத்தகத்தில் விளக்கம் இல்லை. காலையிலிருந்து நான் ஏற்றியபோதெல்லாம் அவர் என்ன செய்தார் என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை மட்டும் வந்தார். அப்போதும் நடுச்சீட்டுத் திறந்ததும் விட்டுவிட்டார். மற்றதெல்லாம் ‘விட்டாச்சு’.

அடுத்து நடந்தது சந்தேகத்தை இன்னும் கெட்டிப்படுத்தியது. சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு, சீட்டைப் பார்த்து, “மொத்தமும்” என்று காயையெல்லாம் இரண்டு கையாலும் தள்ளினார். நான் விட்டேன். கணவர் யோசிக்கவே இல்லை. “வர்றேன் சிஸ்டர்” என்றார். சிஸ்டரிடம் ராஜா ஜோடி. அவரிடம் வெறும் ஒன்பது ஜோடி. நடுவில் மூன்றாவது ஒன்பது வந்து விழ, சிஸ்டர் போய்விட்டார்.

“படுபாவி, ஒம்பத வச்சிக்கிட்டு வர்றியே, ஒனக்குப் பயமே இல்லியா?” என்று சிரித்தபடியே எழுந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “இனிமே இதப் பாக்கறதுதான் எனக்கு வேல.”

பயமே இல்லாதவர்தான். சிஸ்டரின் மொத்தக் காய்க்கும் ஒன்பது ஜோடியோடு வருகிறவர், நான் கொஞ்சம் ஏற்றினால் ஏஸை விடுகிறார். ஒரே ஆள், ஒரே மேசை, மாறியது எதிராளி மட்டும். சோதனையில் இப்படி ஒரு வித்தியாசம் கிடைத்தால் நாங்கள் அதற்குமேல் தேடமாட்டோம்.

இதற்கிடையில் எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை ஏற்றும்போதெல்லாம் மச்சான் விட்டுவிடுவார். ஒளிவு மறைவாகக்கூட இல்லை. “நீங்க எடுத்துக்குங்க மாப்ள” என்று சொல்லிவிட்டே தள்ளுவார். ஒரு தடவை மாப்பிள்ளைக்கு முன்னாலேயே மச்சான் ஏற்றியிருந்தார். மாப்பிள்ளை, “நான் இன்னும் ஏத்துறேன் மச்சான்” என்றதும், “அய்யோ, நீங்க இருக்கறது தெரியாம ஏத்திட்டேன்” என்று போட்ட காயையும் விட்டுவிட்டு ஒதுங்கினார். ஏதோ பந்தியில் தெரியாமல் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டவர் மாதிரி.

“சார், இத நீங்க பாக்கலியா?” என்றேன் வாத்தியாரிடம்.

“எதம்மா?”

“அவங்க ரெண்டு பேரையும். மாப்பிள்ளை ஏத்துனா மச்சான் விட்டுடறார். ஒவ்வொரு தடவையும்.”

மச்சான் உண்மையாகவே அதிர்ந்துபோனார். “அது எப்பிடிங்க, வீட்டு மாப்பிள்ளைய எதுத்து நான் காய் போடறது? நாளைக்கு எந்தங்கச்சி என்ன கேப்பா?”

“அது வந்து, ஒரு மரியாதைம்மா” என்றார் வாத்தியார் தடுமாறி.

“மரியாதைக்கு விட்டா சரி, பாசத்துக்கு விட்டா எழுப்பிடுவீங்களா சார்?”

பின்னால் சிஸ்டர் கை தட்டினார். “கேளு, நல்லாக் கேளு!”

வாத்தியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் படித்த நிகழ்தகவில் மாப்பிள்ளை என்று ஒரு எண் இல்லை. கடைசியில், “மச்சான், நீங்களும் சொந்தமா ஆடுங்க. இல்லன்னா நாலு பேரையும் எழுப்பணும், நான் தனியா ஒக்காந்து கூஜாவ எடுத்துக்க வேண்டியதுதான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கும்போது எதிரே பார்த்தேன். கணவர் சிரிக்கவில்லை. நான் ‘பாசத்துக்கு விட்டா’ என்று சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது. இவள் எதைச் சொல்கிறாள் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை நான் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

மச்சான் சொந்தமாக ஆட ஆரம்பித்ததும் சீக்கிரமே போனார். என்னை எதிர்த்து ஏஸ், பத்து வைத்துக்கொண்டு மொத்தமும் தள்ளினார். என்னிடம் ஏஸும் ராஜாவும். நடுவில் இருவருக்கும் உதவுகிற மாதிரி எதுவும் வரவில்லை, என் ராஜா அவர் பத்தைவிடப் பெரியது, அவ்வளவுதான். “தங்கச்சிகிட்டத் தோத்தேன்னு சொல்லிக்கறேன்” என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். அவர் போனதும் மாப்பிள்ளைக்கு ஆட்டம் ஓடவில்லை. ஏற்றினால் விட ஆளில்லாமல் திண்டாடினார். கடைசியில் கடுப்பில் மொத்தமும் தள்ள, நான் விட்டேன், என் கணவர் “வர்றேன்” என்றார். மாப்பிள்ளையிடம் ராஜா, ராணி. இவரிடம் ஏஸ், ராணி. ஏஸ் நின்றது.

இப்போது மேசையில் நாங்கள் இருவர்.

மாடியில் ஒரு மாதிரி முணுமுணுப்பு எழுந்தது. தோற்றவர்கள் யாரும் போகவில்லை, சுவரோரம் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். “இனிமே எதுக்கு ஆட்டம்? கூஜா ஒரே வீட்டுக்குத்தான போவுது” என்றது ஒரு குரல். “மூடி அவருக்கு, கூஜா இவங்களுக்கு” என்றது இன்னொன்று.

மாப்பிள்ளை உட்காரவே இல்லை. “சார், நான் ஒண்ணு சொல்றேன். கோவிச்சிக்காதீங்க. இவரு விடுவாரு, அந்தம்மா எடுப்பாங்க. நாம வேடிக்க பாக்கணுமா? எனக்கும் எம்மச்சானுக்கும் சட்டம் போட்டீங்கள்ல, இவங்களுக்கும் போடுங்க.”

“என்ன சட்டம்?”

“விட்ட சீட்டையும் தெறந்து காட்டணும். ரெண்டு பேரும்.”

போக்கரில் அப்படி ஒரு விதி கிடையாது. விட்ட சீட்டு செத்த சீட்டு, அதைப் பார்க்கிற உரிமை யாருக்கும் இல்லை. ஆட்டமே அதன்மேல்தான் நிற்கிறது. வாத்தியார் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “ஒங்க பேருக்குத்தான் நல்லது. ஒவ்வொரு கையும் முடிஞ்சதும் ரெண்டு பேரும் காட்டிடுங்க. சம்மதமா?”

“சம்மதம் சார்” என்றேன், கணவர் வாயைத் திறக்குமுன்.

எனக்கு அதைவிட நல்ல சோதனை கிடைக்காது. அவர் எதை வைத்துக்கொண்டு எனக்கு விடுகிறார் என்று கண்ணால் பார்க்கலாம். இனி நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எனக்கு ஒன்றுமே இல்லாத கை வர வேண்டும், அவருக்கு நல்லது வந்திருக்க வேண்டும், நான் மொத்தமும் தள்ள வேண்டும். அப்போது அவர் விட்டால் ஏஸும் நாலும் என்று சமாளிக்க முடியாது. எங்கள் இருவரையும் வாத்தியார் எழுப்பிவிடலாம். கூஜா போகட்டும். சென்னையைப் பற்றி அவர் சொன்ன “உன் இஷ்டம்” எந்த ஜாதி என்று தெரிந்துவிடும்.

சில கைகள் சும்மா போயின. பிறகு அவர் ஏற்றினார், வழக்கத்தைவிட அதிகமாக. சீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஏற்றினார். என் கையில் இஸ்பேடு ஆறு, டைமன் மூன்று. குப்பை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

“மொத்தமும்” என்றேன்.

பின்னால் சிஸ்டரின் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் என் சீட்டைப் பார்த்திருக்க முடியாது, நான் உள்ளங்கையால் மூடியிருந்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டி ஓசை பார்க்கிற சத்தம் கேட்டது. அவர் இன்னொரு தடவை சீட்டைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். கையைக் காய்மேல் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தார்.

“விட்டாச்சு.”

“காட்டுங்க” என்றார் மாப்பிள்ளை.

புரட்டினார். பத்து, பத்து.

“பத்து ஜோடி!” மாடி முழுக்க இரைச்சல். “பத்து ஜோடிய விடறாருங்க! ஒம்பது ஜோடிக்குச் சிஸ்டரக் கொன்னவரு, பத்து ஜோடிய விடறாரு!” மாப்பிள்ளை மேசையைத் தட்டினார். “இதுக்கு மேல என்ன சாட்சி சார் வேணும்?”

நான் தேடியது கிடைத்துவிட்டது. நல்ல சீட்டை வைத்துக்கொண்டே விட்டுவிடுகிறார். சென்னை விஷயத்திலும் அப்படித்தான். அவருக்கென்று ஒன்று கையில் இருந்திருக்கிறது, எனக்காகக் கவிழ்த்துத் தள்ளியிருக்கிறார். இன்னும் எத்தனை வருடம் இப்படி, எதையெல்லாம் தள்ளிக்கொண்டே இருப்பார்? அது தெரியாமல் நான் ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

“நீங்களும் காட்டணும்மா” என்றார் வாத்தியார் களைத்த குரலில்.

புரட்டினேன். ஆறு, மூன்று.

இரைச்சல் அப்படியே நின்றது. சிஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அடிப்பாவி.”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தை நான் இதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. தப்பு செய்து பிடிபட்டவர் முகம் இல்லை அது. பூட்டிவிட்டு வந்த வீடு திறந்து கிடப்பதைப் பார்க்கிறவர் முகம்.

“ஒண்ணுமே இல்லியா?” என்றார்.

“இல்ல.”

“ஒண்ணுமே இல்லாம மொத்தத்தையும் தள்ளுனியா?”

“ஆமாங்க.”

“அப்ப காலையிலேந்து ஏத்துனதெல்லாம்?”

“பாதி இருந்துச்சு. பாதி இல்ல.”

அவர் ஆறையும் மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்த்தார். வாத்தியார் குனிந்து கேட்டார்: “ஏம்ப்பா, பத்து ஜோடிய ஏன் விட்ட? உண்மையச் சொல்லு.”

“சார், அவ மொத்தமும் தள்ளுனா ராஜா ஜோடியோ ஏஸ் ஜோடியோ இருக்கும்னு நெனச்சேன் சார். அவ இல்லாததச் சொல்லமாட்டா சார்.” கையிலிருந்த ஆறையும் மூன்றையும் கீழே வைத்தார். “சொல்லமாட்டான்னு நெனச்சேன்.”

யாராவது நடித்துவிட முடியுமா அதை? மாப்பிள்ளைகூட உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் மட்டும், “கல்யாணமாயி ஒரு வருசம் ஆவல இல்ல? இப்பத்தான் பாடம் ஆரம்பிக்குது தம்பி” என்றார். மச்சான் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் முடிவு தப்பு. அவர் எனக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை. சிஸ்டர் பொய்யாக ஏற்றுவார் என்று தெரியும், அதனால் ஒன்பதோடு போனார். நான் பொய் சொல்வேன் என்று அவர் கணக்கிலேயே இல்லை. நான் ஏற்றினால் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். ‘இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன்’ என்றால் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன் என்று அர்த்தம். ஒரு வாரமாக அவருடைய பதிலைத் திருப்பித் திருப்பிச் சோதித்துக்கொண்டிருந்தேனே, கேள்வியையே நான் தப்பாகக் கொடுத்திருந்தேன்.

ஆட்டம் தொடர்ந்தது, ஆனால் எதிரே இருந்தவர் வேறு ஆள். நான் ஏற்றினால் வந்தார். இன்னும் ஏற்றினாலும் வந்தார். என்னிடம் இல்லாதபோது என் காயைப் பிடுங்கிக்கொண்டார். நான் குடிக்கத் தண்ணீர் எடுத்தால்கூட அந்தக் கையைக் கவனித்தார். இவ்வளவு நாள் அவர் என்னைப் பார்த்ததே இல்லையோ என்று தோன்றும்படி பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. எங்கள் குவியல்கள் ஏறக்குறைய சமமாக வந்து நின்றன.

அப்போதுதான் எனக்கு ஆட்டின் ராணியும் கிளாவர் ராணியும் சேர்ந்து வந்தன. அன்று என் கைக்கு வந்த ஒரே பெரிய ஜோடி.

“மொத்தமும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சீட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

“இருக்கா?”

மேசையில் கேட்கக் கூடாத கேள்வி இல்லை அது. கேட்கலாம். எதிராளி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆட்டத்தில் அதற்குப் பாவமில்லை. பதில் சொல்லாமலும் இருக்கலாம்.

“இருக்கு” என்றேன்.

இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் நம்பினால் விடுவார், நடுவில் இருக்கும் கொஞ்சக் காயை மட்டும் நான் எடுப்பேன். நம்பாவிட்டால் வருவார், பெரும்பாலும் நான் ஜெயிப்பேன். ஆட்டக்காரியாக அவர் நம்பாமல் இருப்பதுதான் எனக்கு லாபம். ஆனாலும் அவர் நம்ப வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொன்னால் வாத்தியார் என்னை அடுத்த போட்டிக்குச் சேர்க்கமாட்டார்.

“நம்பமாட்டேன்” என்றார் அவர். “வர்றேன்.”

அவரிடம் ஏஸ், எட்டு. நான் ராணிகளைத் திறந்தேன். அவர் வாய்விட்டு, “ஐயோ” என்றார். நடுவில் ஐந்து சீட்டும் திறந்தன. ஒரு எட்டு வந்தது, ஏஸ் வரவில்லை. வாத்தியார் இரண்டு குவியலையும் அளந்து பார்த்தார். கணவருடையது ஒரு விரல் உயரம் குறைவு. முடிந்தது.

மாப்பிள்ளைதான் முதலில் கை கொடுத்தார், அவருக்கு. “நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதாங்க” என்றார் ஆறுதலாக. எது ஒன்று என்று விளக்கவில்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. பைக்கில் வலங்கைமானுக்குத் திரும்பும் வழியில் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டினோம். கூஜா எங்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் சம்பா நடவு பாதி முடிந்த வயல்கள். ஒரு டவுன் பஸ்ஸுக்கு வழிவிட ஓரமாக நிறுத்தினார், அது போன பிறகும் வண்டியை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

“அன்னிக்கு இங்கயே இருந்துடலாம்னு சொன்னியே. அது இருந்து சொன்னதா, இல்லாம சொன்னதா?”

“இல்லாம.”

“போவணுமா?”

“போவணும்.”

அவர் ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் அதுவரை கேட்க நினைத்ததைக் கேட்டேன். “நீங்க என்ன நெனைக்கறீங்க? உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாதீங்க.”

“போவாதன்னு நெனைக்கறேன்” என்றார் உடனே. குரலில் கோபம் இருந்தது. “நீ இங்கயே இருக்கேன்னு சொன்ன அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? வெளியில காட்டுனா நீ மனச மாத்திக்குவியோன்னுதான் ரசம் கேட்டேன். எனக்கு ரசமே தேவப்படல.”

வயலில் இருந்து ஒரு கொக்குக் கூட்டம் எழுந்து கொஞ்சம் தள்ளி இறங்கியது. நான் “போறேங்க” என்றேன். “வாரத்துக்கு ஒரு தடவ வந்துடுவேன்.”

“வேணாங்கறேன்.”

“கேட்டுச்சு. போறேன்.”

அங்கேயே, வண்டியை நிறுத்திய இடத்திலேயே சண்டை போட்டோம். கல்யாணத்துக்குப் பிறகு எங்களுடைய முதல் சண்டை. வண்டி, ரயில், அவருடைய அம்மாவின் முழங்கால், என் அப்பா என்னைப் படிக்கவைத்த பாடு, எல்லாம் வந்தது. நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, “வீட்டுக்குப் போயிப் பேசுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கடைசியில் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

வலங்கைமான் நெருங்கும்போது, “வாராவாரம் வந்துட்டுத் திரும்பறது ஞாயித்துக்கெழம சாயங்கால வண்டியா, திங்கக்கெழம விடியக்காலமா?” என்றார்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. “விட்டுக்குடுக்கறீங்களா?”

“இல்ல. தோத்துட்டேன்” என்றார். “ஒனக்கு இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்னு நெனச்சேன்.”

பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு முகம் தெரியாது. குரலில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது. இனிப்பாக இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

“விடியக்காலம்” என்றேன்.